காரணம் என்ற கட்டம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு பல்கலைக்கழக விடுதி அலுவலகத்தில் உதவியாளர். திருநெல்வேலிப் பக்கம் சாதிச் சண்டை ஓயாத காலம். எல்லா மாணவர்களும் கலந்து தங்கட்டும், இரண்டிரண்டு பேராகக் குலுக்கல் முறையில் அறை ஒதுக்குங்கள் என்று பதிவாளர் உத்தரவு போட்டார். சீட்டு எழுதியது, குலுக்கியது, நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டியது எல்லாம் நான்தான். பெரிய சீர்திருத்தவாதி என்ற நினைப்பு எனக்கு. அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். நெற்றி நிறைய விபூதி. மகன் சங்கரனை எம்.எஸ்சி.யில் சேர்த்திருந்தார்.

"அண்ணாச்சி, எம்மவன் ரூம்ல கூட யாரு இருக்கா?"

"முருகேசன்னு ஒரு பையன். அம்பாசமுத்திரம் பக்கம்."

"பையன் எப்படி? நம்பி விடலாமா?"

முருகேசனின் விண்ணப்பத்தைப் புரட்டினேன். சாதிச் சான்றிதழ் மேலேயே இருந்தது, வேறு சாதி. வந்தவர் நம்மவர், கேட்க வந்ததை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அன்று மாலையே முருகேசனைக் கூப்பிட்டு, கடைசி பிளாக்கில் காலியாகக் கிடந்த அறைக்குப் போகச் சொன்னேன். "ஏன் சார்?" என்று கேட்டான். "சொன்னதச் செய்லே" என்றேன்.

நான்காம் நாள் வாத்தியார் மறுபடி வந்தார். கூடவே முருகேசன்.

"எம்மவனுக்கு வலிப்பு வரும். ஆபீஸ்ல சொன்னா விடுதி கெடைக்காதோன்னு பயந்து சொல்லல. அன்னிக்கு இங்கேருந்து போயி இந்தத் தம்பிகிட்டதான் யார்ட்டயும் சொல்லாதன்னு மாத்திரையக் காட்டிக் குடுத்துட்டு நிம்மதியாப் போனேன். இன்னிக்குக் காலைல அவன் தனியா விழுந்து நெத்தி பொளந்துட்டு. இவன எதுக்குவே மாத்துனீரு?"

மேஜை மேல் கிடந்த காகிதங்களை அடுக்கினேன். முருகேசன்தான் பேசினான்.

"சார், ரூம் மாத்துற ரிஜிஸ்டரக் காட்டுதீங்களா?"

எடுத்து வைத்தேன். காரணம் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில், 'மாணவரின் சொந்த வேண்டுகோள்' என்று இருந்தது.

"நான் எப்ப சார் கேட்டேன்?" அவன் குரல் உயரவில்லை. "சங்கரன் ரூமுக்கே நான் போயிக்கிடுதேன். ஆனா இதுல உள்ளத எழுதுங்க."

வாத்தியாரும் குனிந்து அதைப் படித்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் வேண்டுகோளை அடித்துவிட்டு 'அலுவலகத் தவறு' என்று எழுதினேன். அதுவும் பொய். அலுவலகம் ஒழுங்காகத்தான் குலுக்கல் போட்டது.

முருகேசன் அதைப் படித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போனான். அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் கூனிக் குறுகிப் போகிறேன்.

விடுதி அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். எழுதக் கை கூசுகிற காரணத்துக்காக ஒரு மாணவனையும் அறை மாற்றாதீர்கள்.