சூடம் காட்டிய துளை

போன வாரம் தங்கை குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் சீராகக் கொலுசு வாங்கப் பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளிக்கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும் ஒற்றைக் கொலுசோடு திரும்பிவிடலாமா என்று தோன்றியது. கடைக்காரர் அப்போதுதான் சாமி படத்துக்குச் சூடம் காட்டி முடித்திருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கொலுசு மறந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், வேலிக்காத்தான் புதர்களுக்கு நடுவே, டீசல் நாற்றத்தோடு கலந்து சூடம் எரிந்த ஒரு காலை ஞாபகம் வந்தது.

நான் படித்தது நிலவியல். மரக்காணத்தில் அது என்ன படிப்பென்று யாருக்கும் விளங்கவில்லை. அம்மா என்னைக் ‘கல்லு டாக்டரு’ என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். விளைவு, பளபளக்கும் கல் எது கிடைத்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்தது. எல்லாம் காசுக்கு ஆகாத மைக்கா. உதட்டைப் பிதுக்கிப் பிதுக்கியே எனக்குக் கெட்ட பெயர். அப்படிப்பட்டவனுக்கு முதல் வேலையே வெள்ளி தேடுகிற முகாமில் கிடைத்தது. ஈயம், துத்தநாகம், அதோடு கொஞ்சம் வெள்ளி. இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று பூமியைத் துளைத்துப் பார்ப்போம்.

முகாமில் கை உதவிக்கு ஆள் கேட்டார்கள். ஐப்பசி மழை பிடித்திருந்தது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது, உங்களுக்குத் தெரியும். என்னோடு பள்ளியில் படித்த ஏழுமலையைக் கூட்டிப்போனேன். அவன் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு எடுத்து உப்பு வாருகிற குடும்பம். தை பிறந்ததும் உப்புப் பாத்திக்குத் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. மற்றவர்கள் முன்னால் என்னைச் சார் என்பான், தனியாக இருந்தால் டேய். என் சமையலைப் பற்றி அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இயந்திரம் குழாயை இறக்கி, பாறையை உருளை உருளையாக அறுத்து மேலே கொண்டுவரும். ஆழத்தின் வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் வெறும் சாம்பல் நிறக் கல். பிறகு ஒரு நாள் காலை, கழுவிய இடமெல்லாம் கண்ணாடிச் சில்லு பதித்ததுபோல மின்னியது. ஈயத் தாது. ஏழுமலை உதிர்ந்த துண்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டினான்.

“நம்ம உப்பு மாதிரியே கட்டம் கட்டமா ஒடையுதுடா.”

உண்மைதான். உப்பும் இந்தத் தாதுவும் ஒரே மாதிரி சதுரம் சதுரமாகத்தான் உடையும். வெள்ளி கண்ணுக்குத் தெரியாது, இதற்குள்தான் கலந்திருக்கும் என்று அவனுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவன் போய்ச் சமையல்கட்டிலிருந்து சூடம் எடுத்துவந்து துளையின் வாயருகே ஏற்றினான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் ஆண்டின் முதல் உப்பை வாரும்போது வரப்பில் சூடம் ஏற்றுவார்கள். ஆனால் உப்பு பூத்து, அடியில் படிந்து, இனி வார வேண்டியதுதான் பாக்கி என்று தெரிந்த பிறகுதான் ஏற்றுவார்கள். சூடம் காட்டிய பாத்தியை வாராமல் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த முகாமில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். தெரிந்தும் நான் கையை நீட்டி, சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“சொரங்கம் வந்தா எனக்கு வேல உண்டுதானே?” என்று கேட்டான்.

“உனக்கு இல்லாமலா?”

சந்தோஷத்தில் வந்த வார்த்தை. ஒரு துளையில் தாது மின்னுவதற்கும் சுரங்கம் திறப்பதற்கும் நடுவே எத்தனை ‘ஆனால்’ இருக்கிறது என்று படித்தவன் நான். அவன் தையில் ஊருக்குப் போனான். பாத்திக் குத்தகையை மச்சான் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். வந்த பிறகுதான் எனக்கே தெரியும். அப்போதாவது பதறியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு துளை போட்டால் தெளிவாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தெளிவானது. தாது அடுத்தடுத்த துளைகளில் மெலிந்துகொண்டே போய் ஒரு நூலாகி, காணாமல் போனது. தோண்டுகிற செலவுக்குக்கூடக் கட்டாது என்று மேலே முடிவெடுத்து இயந்திரத்தை லாரியில் ஏற்றிவிட்டார்கள். வெள்ளி இருக்கிறது, ஆனால் எடுக்க மாட்டார்கள் என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“பூத்துட்ட பிறகு எப்பிடிடா வாராம வுடுவாங்க?”

மச்சான் அதற்குள் வரப்பெல்லாம் செப்பனிட்டுப் பாத்தியைத் தனதாக்கிக்கொண்டிருந்தான். பெண் எடுத்த வீடு, வாய்விட்டுத் திருப்பிக் கேட்க முடியாது. ஏழுமலை தன் அப்பா மிதித்துப் பதப்படுத்திய அதே பாத்தியில் தினக்கூலிக்கு உப்பு வாரும் பலகை பிடித்தான். எனக்கோ அடுத்த முகாம், அதற்கடுத்து பதவி உயர்வு. ஒருநாளும் அவன் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் ஊருக்குப் போகும்போது தவறாமல் கேட்பான், “சொரங்கத்துக்கு ஏதாவது ஆர்டர் வந்துச்சா?” நானும் பார்க்கலாம் என்பேன். அந்தக் கேள்விக்குப் பயந்தே சில வருடம் அவன் டீ குடிக்க வரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் தலைகாட்டாமல் சுற்றுவழியில் போயிருக்கிறேன்.

முகாம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. கல் அடுக்கிய கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள், பெட்டிகளைக் கரையான் தின்றுவிட்டது. அதெல்லாம் போனதில் எனக்கு வருத்தமில்லை. இந்தப் பொங்கலுக்கு ஏழுமலையை டீக்கடையில் பார்த்தேன். அம்மாவின் முட்டி வலியை விசாரித்தான். மழை தள்ளிப் பெய்ததைச் சொன்னான். நான் வழக்கமான பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். டீயைக் குடித்து முடித்து, வெயில் ஏறுவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டான். கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் அவன் என்னை நம்பிக்கொண்டிருந்திருக்கிறான்.