நைனாவுக்கு நான் போட்ட வெப்சைட்

இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் நைனா புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த நான் அவருக்கு வெப்சைட் வைக்க நினைத்தேன். திருப்பதி டிசைனர் ஒருவர், "நேர்ல வந்து பார்த்துட்டு செய்றேன் சார்" என்றார். எதற்கு வீண் வேலை என்று, ஆஸ்பத்திரிகளுக்கான ரெடிமேட் டெம்ப்ளேட் ஒன்றில் பெயரையும் விலாசத்தையும் மட்டும் நானே மாற்றிப் போட்டேன்.

லீவில் வந்திருந்த ஒரு காலை, வாசலில் கார் வந்து நின்றது. உள்ளே விபத்தில் அடிபட்டவர், தொடையெல்லாம் ரத்தம். "ஆபரேஷன் தியேட்டர் எங்க?" என்று அவர் மனைவி அலறினாள். எங்கள் வெப்சைட்டை நம்பி, வழியில் இருந்த ஆஸ்பத்திரியைத் தாண்டி வந்திருந்தார்கள்.

நைனா துணியால் இறுக்கிக் கட்டி, அவர்களைத் திருப்பதிக்கு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆபரேஷன் பண்றேன்னு நான் எப்படா சொன்னேன்?"

"அது ரெடிமேடா வந்தது நைனா."

"என் பேர போட்டியே, உள்ள இன்னா கீதுன்னு படிச்சிப் பாத்தியாடா?"

படிக்கவில்லை.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் என்மேல் உள்ள ஆத்திரம் அடங்கவில்லை. ஒருவர் கைக்குச் சீவிய மூங்கில் பத்தையை நைனா இன்னொருவருக்கு வைக்க மாட்டார். ஒவ்வொரு கைக்கும் புதிதாக அளந்து சீவுவார். அதைப் பார்த்தே வளர்ந்த மகன் நான், அவருக்கு எவனுடைய அளவையோ மாட்டிவிட்டேன்.