அவளின் பியானோப் பாட்டை ஓர்கனில் வாசித்தது

போதகர் இருந்தார். மணி அடிக்கிறவர் இருந்தார். என் மனைவியிடம் பியானோ பழகிய சகோதரிகள் இருவர் முன் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். நான் குடியிருந்த உரும்பிராய் வீட்டுக்காரி கடைசி வாங்கில் இருந்தார். ஓர்கனில் நான். என் இடப்பக்கம், அதே இருக்கையில், அளவெட்டிக்காரன். அவ்வளவு பேர்தான்.

மனைவிக்கான நினைவு ஆராதனை அது. வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் மருந்து செய்யக் கொழும்புக்குப் போனவள் அங்கேயே இறந்தாள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. எனக்குச் செய்தி வந்தபோது மூன்று கிழமை கடந்துவிட்டது.

கீரிமலைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விட்டு ஓடிவந்தபோது பியானோவைக் கொண்டுவர முடியவில்லை. பாட்டுக் கடதாசிகளை மட்டும் அவள் சீலைக்குள் சுற்றி எடுத்துவந்தாள். அதில் ஒன்று நாலு பக்கம். முந்தின காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் எழுதியது. அவர் பெயர் என் வாயில் வராது. பின்னேரங்களில் அவள் அதைத்தான் வாசிப்பாள். நான் முற்றத்தில் பம்ப் கழற்றிக்கொண்டு கேட்பேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. தண்ணீர் பம்ப் திருத்துவது தொழில். ஞானப்பாட்டுக்கு ஓர்கன் வாசிக்கச் சின்ன வயதிலேயே பழகியிருந்தேன். கல்லறை என்று போய் நிற்க எனக்கு இடமில்லை. அந்தப் பாட்டையாவது எங்கள் வேதக் கோயிலில் ஒருதரம் முழுதாய் வாசித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பியானோவுக்கு எழுதியது ஓர்கனுக்கு அப்படியே பொருந்தாது. எங்கள் ஓர்கனில் கட்டைகள் குறைவு. மேலே போன சுரங்களைக் கீழே இறக்கினேன். கீழே போனவற்றை மேலே ஏற்றினேன். பியானோவில் கட்டையைத் தட்டிவிட்டால் சத்தம் தானாக ஓயும். ஓர்கனில் விரலை எடுக்கும்வரை நிற்கும். ஒவ்வொரு சுரமும் எங்கே முடிய வேண்டும் என்று நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கம் கோடு கீறி எழுதினேன். பம்ப் ஓட்ட மண்ணெண்ணெய் இல்லாததால் திருத்த வருகிறவர்களும் குறைவு. ஒருவரோடும் கதைக்காமலே நாட்கள் போயின.

கடைசிப் பக்கம் முழுதும் கீழ்க் கட்டையில் ஒரே சுரம் விடாமல் நிற்க வேண்டும். அவள் அதைப் பியானோவின் பெடலை மிதித்து நிறுத்துவாள். எனக்குக் கால் இரண்டும் ஓர்கனுக்குக் காற்று மிதிக்க வேண்டும். கை இரண்டும் வேறு கட்டைகளில். இன்னொரு கை தேவைப்பட்டது.

பம்ப் திருத்தப் போய்ப் பழகிய ஒருவன் அளவெட்டியில் இருந்தான். நாதஸ்வரக் குழுவில் ஒத்து ஊதுகிறவன். மற்றவர்கள் பாட்டை வாசிக்க, அவன் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருப்பான். அவனிடம் போனேன்.

“கோயில் ஓர்கனிலை கட்டை அமத்திப் பிடிக்க வேணும். வருவியே?”

“எத்தினை கட்டை?”

“ஒண்டுதான்.”

“அப்ப நான்தான் ஆள். இவ்வளவு வரியமா ஒரே சுரம். இதை விட்டா வேறை ஒண்டும் தெரியாதோ எண்டு என்ரை மனிசியே கேக்கிறாள்.” சிரித்தான். “நீறு பூசிக்கொண்டு வந்தா உள்ளுக்கை விடுவினமோ?”

“விடுவினம்.”

“சம்பளம்?”

“தேத்தண்ணி.”

“சீனியோடையோ?”

“சீனிக்கு எங்கை போறது? பனங்கட்டி.”

“சரி. அண்ணிக்காக வாறன், அண்ணை.”

வாசித்துப் பழகும்போது முடிவு மட்டும் சரிவரவில்லை. அவள் கடைசிக் கட்டைகளை அழுத்தியபடியே இருப்பாள். சத்தம் மெல்ல மெல்லப் போய்விடும். நான் விரலை எடுத்தால் வெட்டினது போல் இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்களை ஒவ்வொன்றாய் உள்ளே தள்ளிப் பார்த்தேன்.

“என்ன அண்ணை, ஆரோ படியாலை விழுற மாதிரிக் கிடக்கு.”

“வேறை வழியில்லை. நான் தலையாட்டினாப் பிறகு விரலை எடு.”

“ஆட்டாட்டி?”

“எடாதை.”

ஆராதனையில், முதல் மூன்று பக்கமும் பிழையில்லாமல் போனது. நாலாம் பக்கத்தில் அவன் தன் கட்டையைப் பிடித்தான். மூச்செடுக்கையில் நெஞ்சு அசைந்தது. விரல் அசையவில்லை.

கடைசிக் கட்டைகளை அழுத்தினேன். குமிழைத் தள்ள வேண்டிய இடம். கை எழவில்லை. கால்களும் மிதிப்பதை விட்டிருந்தன. நான் தலையாட்டவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். விரலை எடுக்கவில்லை.

துருத்திக்குள் மிஞ்சிய காற்று போய்க்கொண்டிருந்தது. சத்தம் மெலிந்தது. வெட்டவில்லை. படியால் விழவும் இல்லை. அவள் வாசித்தால் போகிற மாதிரியே போனது.

தாளம் எண்ணுகிற பழக்கத்தில், சத்தம் முழுதும் ஓயும்வரை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஒன்பது.