நாலு வீடு தள்ளி

போட்ட நாற்காலியில் பெஞ்சமின் உட்காரமாட்டார். "இருக்கட்டும்மா, நம்மகிட்டயே கீது" என்று சொல்லிக்கொண்டே தோள்பையிலிருந்து மடக்கு ஸ்டூலை எடுத்து விரித்து, வாசற்படிக்கு உள்பக்கமாகப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நீல பிளாஸ்டிக் ஸ்டூல், முழங்கால் உயரம்கூட இல்லை. மனிதரோ ஆறடிக்கு இரண்டு விரல்தான் குறைவு. உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் மார்புக்கு ஏறிவிடும். அவற்றின்மேல் அட்டையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுத ஆரம்பிப்பார். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அவர் போகிற வீடுகளில் யாரும் சிரிக்கிற நிலையில் இருப்பதில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன், மதுராந்தகம் பக்கத்தில் ஒரு வீட்டில், போட்ட நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கேள்வியில் அந்த வீட்டு அம்மாள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு இவரையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இறந்துபோன மனிதர் தினமும் உட்கார்ந்த நாற்காலி அது. வீட்டில் இருந்ததும் அது ஒன்றுதான். மறுநாளே செங்கல்பட்டுக் கடைவீதியில் ஸ்டூல் வாங்கிவிட்டார்.

பெஞ்சமினின் வேலை, செத்துப்போனவர்களைப் பற்றிக் கேட்பது. நம் ஊரில் பாதிப் பேர் வீட்டிலேயே கண்ணை மூடுகிறார்கள். இன்ன வியாதி என்று எழுதித்தர டாக்டர் பக்கத்தில் இருப்பதில்லை. எந்த நோய் எத்தனை பேரைக் கொண்டுபோகிறது என்று தெரியாமல் எந்த மருந்தை எங்கே அனுப்புவது? அதற்காகச் செங்கல்பட்டில் ஆராய்ச்சி நடத்துகிறவர்கள், தேர்ந்தெடுத்த தெருக்களில் சாவு விழுந்த வீடுகளுக்கு ஆள் அனுப்புகிறார்கள். போகிறவர் நூற்றுச் சொச்சம் கேள்வி கேட்டு, நடந்ததை எழுதி வரவேண்டும். அதை இரண்டு டாக்டர்கள் தனித்தனியே படித்துக் காரணம் சொல்வார்கள். ஆபீசில் இதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. படாளத்திலிருந்து முட்டுக்காடு வரைக்கும் ஜனங்கள் பெஞ்சமினுக்கு வைத்திருக்கிற பெயர் 'சாவு சார்'. மொபெட் சத்தம் கேட்டால் "சாவு சார் வந்துகீறாரு" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

போகிற நேரத்தில் அவருக்குக் கறார் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மேலும் ஒரு மாதம் விட்டுத்தான் வாசலை மிதிப்பார். சீக்கிரம் போனால் அழுகை பதில் சொல்லும், தாமதித்துப் போனால் தேதி எல்லாம் குழம்பிப்போகும். தேதியையும் நேராகக் கேட்கமாட்டார். புயல் மழைக்கு முந்தியா பிந்தியா, ரேஷனில் பருப்பு போட்ட வாரமா, திருப்போரூர்த் தேருக்கு அவர் நடந்து போனாரா என்று சுற்றி வளைத்துக் கேட்டுக் காய்ச்சல் வந்த நாளைப் பிடித்துவிடுவார். சர்க்கரை, காசநோய், மூளைக் காய்ச்சல், சிறுநீரகம், பாம்புக்கடி என்று எதற்கும் ஜனங்கள் அந்தப் பெயர் சொல்வதில்லை. "மூச்சு வாங்கிச்சு", "சோறு எறங்கல", "சும்மா படுத்துகினாரு, அவ்ளோதான்" என்பார்கள். அதில் எந்த வியாதி ஒளிந்திருக்கிறது என்று பெஞ்சமினுக்கு முக்கால்வாசி தெரிந்துவிடும். ஆனால் சொல்லக் கூடாது. ஆறுதலும் சொல்லக் கூடாது. வேலையின் விதி அது. அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கிறேன்."

எழுதுவார் பாருங்கள், அதுதான் ஆபீசுக்குத் தலைவலி. கேள்விகள் முடிந்ததும் நடந்ததைச் சொந்த வார்த்தையில் எழுத அரைப்பக்கம் விட்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு அதில் பாதி போதும். பெஞ்சமின் இரண்டு தாள் கூடுதலாக இணைப்பார். படித்துப் பார்க்கும் டாக்டர்களில் ஒருவனான ஷ்ரவண் ஒருமுறை போன் போட்டு, நெஞ்சுவலியில் செத்தவர் கதையில் பசுமாடு எதற்கு வந்தது சார் என்று கேட்டான். அவருக்கு வலி வந்தது மாட்டைப் பிடித்துக் கட்டும்போதுதான், உட்கார்ந்திருக்கும்போது வரவில்லை என்று இவர் பொறுமையாக விளக்கினார். இன்னொரு டாக்டர் விஷாகா, அந்தக் கூடுதல் தாளில் இருந்த ஒரு வரியை வைத்துத்தான் கோவளத்துப் பெண் ஒருத்தி வெறிநாய்க் கடியில் போனதைக் கண்டுபிடித்தாள். கடித்ததே யாருக்கும் நினைவில் இல்லை. 'செம்பில் தண்ணீர் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்' என்று பெஞ்சமின் எழுதியிருந்தார். அதற்கப்புறம் அவருடைய தாளை யாரும் குறைக்கச் சொல்வதில்லை.

போன வருடம் சென்னையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போனார்கள். திரையில் மாவட்டத்தின் படம், அதில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளிகள். எந்த நோய் எங்கே கூடுகிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சமின் கடைசி வரிசையில் உட்கார்ந்து புள்ளிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டிருந்தார். இது ஜெபசிங், மாத்திரையைப் பாதியில் விட்டவர். இது கேளம்பாக்கத்து அடுக்குமாடியில் காவலுக்கு இருந்த ராமானுஜம், கடைசிவரை டூட்டிச் சட்டையைக் கழற்ற மறுத்தவர். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு படாளத்தைத் தேடினார். அங்கேயும் புள்ளிகள் இருந்தன. அவர் தேடிய ஒன்று மட்டும் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் தேடினார்.

பெஞ்சமினின் மனைவி ரெஜினா போய் மூன்று வருடம் ஆகிறது. படாளத்தில் அங்கன்வாடிக்குச் சமைத்துக்கொண்டிருந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டு, மூச்சு வாங்குகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துவிட்டு, இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம் என்று எழுதிக்கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் பெஞ்சமினுக்குக் கோபம் வரும். "ஹார்ட்டு நிக்காம எவன் செத்தான்? அது ஏன் நின்னுச்சுன்னு சொல்லு" என்பார். மகள் அன்பரசி கேளம்பாக்கத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். பேச்சை எடுத்தாலே அவளுக்குக் கண் நிறைந்துவிடும், "உடுப்பா" என்று எழுந்து போய்விடுவாள். கோயில்காரர்கள் கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்று முடித்துவிட்டார்கள். அழைத்த விவரத்தை யாரும் கேட்கவில்லை.

அவருக்குள் இருக்கிற ஏக்கம் ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருவர் தாளும் பேனாவுமாக அவர் வாசலுக்கு வந்து, ரெஜினாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். அது நடக்க வழியில்லை. படாளத்தில் ஆராய்ச்சிக்கு எடுத்த பகுதி தண்ணீர்த் தொட்டியோடு முடிகிறது. அவர் வீடு தொட்டிக்கு அப்பால் நாலு வீடு தள்ளி. மேற்பார்வைக்கு இருந்த ஜெரோமிடம் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டார். ஜெரோம் நல்ல பையன்தான், வருத்தத்தோடுதான் சொன்னான்: "சாம்பிள்ல இல்லண்ணா." இந்த வருடம் தெருக்களை மறுபடி குலுக்கி எடுத்தார்கள். பட்டியல் ஒட்டிய அன்று பெஞ்சமின் எல்லாருக்கும் முன்னால் போய்ப் படித்தார். படாளம் இருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்.

தானே எழுதிவிடலாம் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்தும் பார்த்தார். கை பழக்கத்தில் ஓடியது. 'இறந்தவர் நாற்பத்தாறு வயதுப் பெண். பதில் சொல்பவர் கணவர்.' ஒவ்வொரு கேள்வியாக ஒழுங்காகத்தான் போனது. நாற்பத்தேழாவது கேள்வி வந்ததும் பேனா நின்றுவிட்டது.

நாற்பத்தேழாவது கேள்வி இது: பாதங்களில் வீக்கம் இருந்ததா? இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தால் கால் வீங்கும் என்பதால் வைத்த அந்தக் கேள்வியைப் பெஞ்சமின் இரண்டாயிரம் வீடுகளிலாவது கேட்டிருப்பார். ரெஜினா போவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு சாயங்காலம், "இன்னான்னு தெர்லங்க, செருப்பு பத்தவே மாட்டேன்து" என்றாள். அன்று பகலில்தான் மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு வீட்டில் அதே கேள்வியைக் கேட்டு, ஆம் என்று குறித்துவிட்டு வந்திருந்தார். மனைவி சொன்னதும் அவருக்குத் தோன்றியது செருப்பைப் பற்றித்தான். மறுநாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இறங்கி, ஆறாம் நம்பருக்குப் பதில் ஏழாம் நம்பர் வாங்கிவந்தார். அவளுக்கு அது சரியாக இருந்தது. "இந்த வயசுல எனக்கு கால் வளருது பாரு" என்று சிரித்தாள். இவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கிற ஆள் எதிரில் இல்லாமல் வாய் வரவில்லை, கையும் வரவில்லை. தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டார்.

அதிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் கால் வீக்கத்தை ஒரு தடவைக்கு மேல் கேட்டுவிடுகிறார். அவருக்கே தெரியாது. கூட வேலை செய்கிறவர்களுக்கும் தெரியாது, ஏனென்றால் இந்த வேலைக்கு ஒருவராகத்தான் போக வேண்டும். அதைக் கண்டுபிடித்தவள் கேளம்பாக்கத்து வேண்டா.

வேண்டாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். அந்தப் பெயரோடு ஷேர் ஆட்டோ ஓட்டும் வரதனைக் கட்டிக்கொண்டு முப்பது வருடம் நன்றாகத்தான் வாழ்ந்தாள். வரதன் போய் இரண்டு மாதம். பெஞ்சமின் போனபோது அவள் ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இவர் வழக்கம்போல ஸ்டூலை விரித்தார். அவள் பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி நடுவில் காலியாக நின்றது.

கேள்வி கேள்வியாக இறங்கிவந்து, அந்தக் காலையைப் பற்றிக் கேட்டார். "நாஸ்தா துன்ட்டு ஒக்காந்தாருண்ணா. நெஞ்ச கரிக்குதுன்னாரு. கேஸுதான்னு சோடா வாங்கியாந்து குட்த்தேன். ஏப்பம் வந்துச்சு. சரியாப்பூட்ச்சுன்னு படுத்துகினாரு" என்றாள். சோடா வாங்கப் போன நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதுதான் அவள் கேட்க நினைத்தது. கேட்கவில்லை. எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னாள். பெஞ்சமின் படித்தார்: 'கணவர் நெஞ்சு கரிப்பதாகச் சொன்னதும் மனைவி உடனே சோடா வாங்கிவந்து கொடுத்தார். நெஞ்சைத் தடவிவிட்டார். கடைசிவரை அருகிலேயே இருந்தார்.'

"பக்கத்துலயே இருந்தேன்னு எழுதிகீறீங்களா?"

"எழுதிகீறேன்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெஞ்சமின் தாள்களை அடுக்கி, எழுந்து, ஸ்டூலை மடக்கினார். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"கால் வீங்குச்சான்னு மூணு வாட்டி கேட்டீங்கண்ணா. மொத வாட்டியே இல்லன்ட்டேன்."

அதெல்லாம் ஃபாரத்தில் இருக்கிறது என்று பெஞ்சமின் முணுமுணுத்தார்.

"ஃபாரத்துல ஒரு வாட்டிதான் இருக்கும். மத்த ரெண்டு வாட்டி நீங்க பேப்பர பாக்காமலே கேட்டீங்க. ஒங்க வூட்ல யாருக்கு வீங்குச்சு?"

மடக்கிய ஸ்டூல் கையில் இருக்க அவர் நின்றுகொண்டிருந்தார். வெளியே ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் திருப்போரூர் திருப்போரூர் என்று கூவிக்கொண்டிருந்தான்.

"சம்சாரத்துக்கும்மா."

"இன்னா ஆச்சுண்ணா?"

அதே கேள்விதான். படிவத்தில் முதலாவதாக அச்சடித்திருப்பது. மூன்று வருடமாக ஓ.எம்.ஆரிலும் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் மொபெட் ஓட்டிக்கொண்டே இதற்கு எத்தனையோ விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார். வேண்டா எழுந்தாள். அவர் கையிலிருந்த ஸ்டூலை வாங்கி, அவர் விரிக்கிற மாதிரியே விரித்துப் போட்டு அதில் தான் உட்கார்ந்தாள். சிவப்பு நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"அவரு சேருதான். பரவால்ல. ஒக்காந்து சொல்லுங்க."

பெஞ்சமின் உட்கார்ந்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பெயர் சொன்னார், வயது சொன்னார், அங்கன்வாடியைச் சொன்னார். வேண்டா அவசரப்படுத்தவில்லை. கால் எவ்வளவு வீங்கியிருந்தது என்று மட்டும் கேட்டாள்.

பெஞ்சமின் இரண்டு உள்ளங்கைகளையும் மடிக்கு மேலே எதிரெதிராக நிறுத்தி, ஒரு செருப்பின் நீளம் காட்டினார். பிறகு வலது கையை மட்டும் ஒரு விரல் அளவு நகர்த்தி, அப்படியே வைத்திருந்தார்.