ரெண்டு ஒயர் பாக்கி

வெட்கக்கேடான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் ஆட்டோ எலக்ட்ரீசியன் சின்னதுரை அண்ணன் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி வளர்மதி அண்ணி போனில் சொன்னபோது, நான் ‘ஐயோ’ என்றுகூடச் சொல்லவில்லை. எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கையில் பாதி வடையோடு நின்றுகொண்டு நான் கேட்டது இதுதான்: “ஒயரிங்க முடிச்சுட்டாரா அண்ணி?”

 அண்ணி, பாவம், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். “இல்ல தம்பி. ரெண்டு ஒயர் பாக்கின்னுதான் நேத்தும் சொன்னாரு.” அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தார். வடையை என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. தின்றிருப்பாய் என்று என் மனைவி உறுதியாகச் சொல்கிறாள்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் லாரியோ டிப்பரோ வைத்திருக்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துறைமங்கலத்தில் தகரக் கொட்டகை, வாசலில் செத்த பேட்டரிகள், வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். அந்தக் கால்களோடு பேசித்தான் நீங்களும் பழகியிருப்பீர்கள், நானும் அப்படித்தான். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பாதத்தைத் தெரிந்துகொண்டவன் நான். அவருடையது தா.பழூர் பக்கம் அடுத்தவர் வயலில் நடவு நட்ட குடும்பம். “எங்க அப்பா சேத்துல நின்னாரு, நான் கிரீஸ்ல படுத்திருக்கேன். முன்னேற்றம்தானே ஏஜெண்டே?” என்று கேட்பார்.  

ஏஜெண்டு என்பது நான்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ஐம்பத்தொரு வயதில் மற்றவர்கள் சர்க்கரைக்கு டெஸ்ட் எடுப்பார்கள். நான் பந்தயக் கார் வாங்கினேன். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரித் தோட்டத்துக்குப் பாலிசியில் கையெழுத்து வாங்கப் போனவன், கொட்டகைக்குள் தார்ப்பாய்க்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிகிறதே என்று தூக்கிப் பார்த்தேன். இரண்டே கதவு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். தோட்டக்காரரின் மகன் ஆசையாக வாங்கிப் போட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போய்விட்டானாம். கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன். கார் மட்டும் வந்து சேர்ந்தது.

லாரியில் ஏற்றி வந்து சின்னதுரை அண்ணன் கொட்டகையில் இறக்கினோம். பானெட்டைத் திறந்தவர் ரொம்ப நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

“என்ன அண்ணே?”

“இதுல ஒயரிங்கே இல்ல ஏஜெண்டே. எலி, எலி மவன், பேரன் எலி எல்லாம் பந்தி போட்டுச் சாப்ட்டுட்டுப் போயிருக்கு. அங்க சுத்தி மூட்டை மூட்டையா முந்திரிக்கொட்ட இருந்துருக்கும், அத வுட்டுட்டு ஒயரத் தின்னுருக்கு பாருங்க. அதுக்கும் உங்க புத்திதான்.”

அடுத்து ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். எப்போதோ காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க முடியுமா என்று நான் விசாரித்த இடங்களில் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணன் தீர்ப்புச் சொன்னார். “இது ரோட்டுல ஓடக் கூடாத வண்டி. ரேஸ் வுடற எடத்துல வேணா ஓட்டிக்கலாம். அங்க ஆர்டிஓ நிக்க மாட்டாரு.”

என் பந்தய வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது. வேகத்தின் மேல் காதல் எல்லாம் பிறகு நான் கட்டிவிட்ட கதை. கோயம்புத்தூர் பக்கத்து டிராக்கில் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம் என்று தெரிந்ததும், அரியலூர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு வாரத்தில் அந்தச் செய்தி, நான் வெளிநாட்டில் ரேஸ் ஓட்டப் போகிறேன் என்று வளர்ந்து என்னிடமே திரும்பி வந்தது. நான் மறுக்கவில்லை.

டிராக் வண்டிக்கு எடை ஆகாது. பின்சீட்டு, கார்ப்பெட், ஏசி, கதவுக்குள் இருந்த அட்டை எல்லாவற்றையும் கழற்றினோம். கவிழ்ந்தால் தலை நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வெல்டிங் செய்தோம். கூண்டுக்குள் என்னை உட்காரவைத்துச் சுற்றிவந்து பார்த்த அண்ணன், “போதுமான வரைக்கும் கொறச்சாச்சு. இன்னும் எட கொறையணும்னா டிரைவரத்தான் எறக்கணும்” என்றார். வைப்பரையும் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “ரேஸுன்னு பாத்துட்டு மழ ஒதுங்கிப் போவுமா? அது இருக்கட்டும்.”

அப்புறம் ஒயரிங். முழு வண்டிக்கும் புதிதாக. பெட்ரோல் பம்ப், பேன், செல்ஃப் மோட்டார், விளக்கு, ஹாரன், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைன், தனித்தனி பியூஸ். அத்தனையும் மஞ்சள் ஒயர். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று வைத்தால்தானே பிறகு அடையாளம் தெரியும் என்று நான் இன்டர்நெட்டில் பார்த்ததைச் சொன்னேன். அண்ணன் என் கையைப் பிடித்து டேஷ்போர்டுக்கு அடியில் விட்டார். “இப்ப நீங்க புடிச்சிருக்கறது என்ன கலரு?” தெரியவில்லை. “வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு ஏது கலரு? வெரலுக்குக் கண்ணு கெடையாது ஏஜெண்டே.” அவர் முறை வேறு. ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் நூலால் முடிச்சுப் போட்டிருப்பார். ஹாரனுக்கு இத்தனை முடிச்சு, பம்புக்கு இத்தனை முடிச்சு. தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். முப்பது வருடமாக உங்கள் டிப்பர்களுக்கும் அப்படித்தான் செய்தார். எந்த முடிச்சு எதற்கு என்று ஒரு தாளில் எழுதி வையுங்களேன் என்றேன். “எழுதி வெச்சா நான் எதுக்கு?” என்று கேட்டார். அன்று அதைக் கேட்டு நானும் சிரித்தேன்.

இனிமேல் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை, முயன்று பார்த்துவிட்டேன். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு பிடிக்கிறது என்று அண்ணி அவரைத் திருச்சிக்கு அழைத்துப் போனார். ஆஞ்சியோ செய்ய வேண்டும், உடனே வந்து சேருங்கள் என்றார் டாக்டர். அண்ணன் திரும்பி வந்து நேராகக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார். வண்டி ஸ்டார்ட் ஆகட்டும், மறுநாளே வருகிறேன் என்று அண்ணிக்கு வாக்குக் கொடுத்தார். எப்போது ஸ்டார்ட் ஆகும் என்று கேட்டால், “ரெண்டு ஒயர் பாக்கி.” மறுநாளும் ரெண்டு ஒயர் பாக்கி. அடுத்த வாரமும் அதே இரண்டு.

அண்ணி அரியலூருக்கே என்னைத் தேடி வந்தார். “நீங்க சொன்னாக் கேப்பாரு தம்பி. காரு எங்கயும் ஓடிப் போயிடாதுன்னு சொல்லுங்க.” போனேன். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். “அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுங்களேன்” என்று ஆரம்பித்தேன். “ரெண்டு ஒயருதானே, முடிச்சுட்டே போயிடறேன்” என்றார் கால்கள் இரண்டும். “சரிண்ணே” என்றேன். டிராக்குக்கு நாள் குறித்திருந்தேன். நெஞ்சுவலி வந்தால் குடும்பம் என்ன கதியாகும் என்று ஊரையே பயமுறுத்திப் பிழைக்கிறவன் நான். பயமுறுத்தியே ஆகவேண்டிய ஒரே ஒரு மனிதரிடம் சரிண்ணே என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பத்து நாள் கழித்து, காலையில் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அவர் வீட்டுத் தெருவிலிருந்து மெயின் ரோடு வரை டிப்பர்கள் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். உடலைத் தூக்கியபோது யாரோ ஒருவர் ஹாரனை அழுத்த, மற்ற எல்லோரும் அழுத்தினீர்கள். அந்தச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. அதற்கு உங்களுக்கு நன்றி.

திருமழபாடியில் கொள்ளிடத்தில் அஸ்தி கரைத்துவிட்டுத் திரும்பும்போது, வேனில் முன்சீட்டிலிருந்து அண்ணி என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தம்பி, காரியத்துக்குள்ள அந்தக் கார ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. எதுக்கோசரம் இந்த மனுசன் என்னையும் டாக்டரையும் நிக்கவெச்சாருன்னு நான் காதால கேக்கணும்.”

பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இரண்டு ஒயர்தானே என்று நினைத்தேன். அரியலூரில் டிப்பர் ஒயரிங் செய்யும் பாஸ்கரை அழைத்துவந்தேன். தொழிலில் அண்ணனுக்குப் போட்டி. இருவரும் பத்து வருடமாகப் பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் கூப்பிட்டதும் வந்தார். டேஷ்போர்டைக் கழற்றி உள்ளே பார்த்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டியையா, அண்ணனையா என்று எனக்குத் தெரியவில்லை.

“சார், இது எல்லாமே மஞ்சளா இருக்கு.”

“முடிச்சு இருக்கு பாருங்க.”

“முடிச்சு இருக்கு. ஒண்ணுல மூணு, ஒண்ணுல பதினொண்ணு. பதினொண்ணுன்னா என்ன?”

அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. ஏழு முடிச்சுக்கு லைன் கொடுத்தால் ஹாரன் அடித்தது. ஐந்துக்குக் கொடுத்தால் பின்விளக்கு. ஒன்பதுக்குக் கொடுத்தால் பியூஸ் போனது. இந்த ஒயரில் கரண்டு வரும், அந்த ஒயர் வழியாகத் திரும்பும் என்று பாஸ்கர் தரையில் சாக்பீஸால் படம் போட்டார். மூன்றாம் நாள் படம் கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டது. நான் டார்ச் பிடித்தேன். அதையும் தப்பாகப் பிடிக்கிறேன் என்று பாஸ்கர் சொன்னார். பந்தய வீரன் ஒரு விளக்கைக்கூட நேராகப் பிடிக்கத் தெரியாமல் நின்றேன்.

அண்ணி தினமும் பதினோரு மணிக்கு டீயோடு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். எதுவும் கேட்க மாட்டார். கேட்காமல் இருப்பதுதான் தாங்கவில்லை. ஒருநாள் நான் பாஸ்கரைத் தனியே தள்ளிக்கொண்டு போய், “வெளிய நிக்கிற டிப்பரை ஸ்டார்ட் பண்ணிடுவமா? அண்ணிக்கு வித்தியாசம் தெரியவா போவுது?” என்று கேட்டேன்.

“முப்பது வருசமா எலக்ட்ரீசியன் சம்சாரம் சார் அது. சத்தத்த வெச்சு எந்த வண்டி, எத்தினி டயருன்னு சொல்லிடும்.” அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

காரியத்துக்கு முந்தைய நாள். அண்ணி எதிரே உட்கார்ந்திருக்க, பாஸ்கர் கடைசியாக ஒரு ஒயரை இன்னொன்றோடு சேர்த்துவிட்டு “போடுங்க சார்” என்றார். நான் கூண்டுக்குள் நுழைந்து, தொப்பையை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் திணித்து, சாவியைத் திருப்பினேன்.

வைப்பர் ஓடியது.

எஞ்சின் அசையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத கண்ணாடியில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். சாவியை அணைத்தேன். அப்போதும் ஓடியது. சாவியைக் கையில் எடுத்துக் காட்டினேன். அப்போதும் ஓடியது. பாஸ்கர் பேட்டரியைக் கழற்ற ஸ்பேனரோடு போனார்.

“வுடுங்க, ஓடட்டும்” என்றார் அண்ணி. “அவரு செஞ்சதுல அதாவது ஓடுதே.”

நாங்கள் மூவரும் ஒன்றும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேட்டரி இறங்க இறங்க வேகம் குறைந்து, பாதிக் கண்ணாடியில் நின்றது. அண்ணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு, “நாளைக்குக் காலையில நேரத்தோட வந்துடுங்க தம்பி, வாழ எல வாங்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நான் கூண்டிலிருந்து இறங்கப் பார்த்தேன். இறங்குவதற்குள் அவர் தெரு திரும்பிவிட்டார். அந்த வண்டியிலிருந்து இறங்க எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு முழ மஞ்சள் ஒயர், நுனியில் நான்கு முடிச்சு. எதற்கான முடிச்சு என்று தெரியாது. பாலிசி பேசப் போகும் பையில் வைத்திருக்கிறேன். நெஞ்சு பிடிக்கிறது என்று யாராவது சொன்னால் இப்போது படிவத்தை நீட்டுவதில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்விடுகிறேன். செந்துறைக்காரர் ஒருவருக்கு வெறும் வாயுத் தொல்லை என்றார்கள். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

இவ்வளவும் எழுதி வைத்த பிறகு, நேற்று பாஸ்கர் போன் செய்தார். வைப்பரை நிறுத்தத் தெரியாமல் போனது உறுத்திக்கொண்டே இருந்ததாம். கொட்டகைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். டேஷ்போர்டில் ஒரு டிஜிட்டல் மீட்டர் உண்டு. வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது நான் புதிதாக வாங்கிக்கொடுத்தது. வண்டி ஓடும் தூரத்தைக் காட்டும். பெட்டியிலிருந்து பிரித்து அண்ணன் மாட்டியபோது பூஜ்யத்தில் இருந்தது. அதற்கப்புறம் அந்த வண்டி கொட்டகையை விட்டு நகர்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதற்குப் பேட்டரியிலிருந்து நேராக லைன் கொடுத்துப் பார்த்தாராம். பக்கத்தில் அண்ணியும் நின்றிருந்தாராம்.

அது ஆறு கிலோமீட்டர் காட்டியது.