வடிகட்டிய பிரேக் ஆயில்

அந்த மழைக்காலத்தில் மகளுக்கு எட்டு மாதம். போர்ட் பிளேரின் லம்பா லைனில் தகரக் கூரை வீடு. கணவர் பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் அரிசி, வெங்காய மூட்டைகளை ஜெட்டியிலிருந்து கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். அந்த ஊரில் சமதளமான சாலை என்று அதிகம் கிடையாது. ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம்.

ஒரு மதியம் வந்தவர் சாப்பிட உட்காராமல் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார். நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்தார். எங்கும் ஒழுகல் இல்லை. என்னைக் கூப்பிட்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னார். புளித்த மாவுக்குள் கால் வைத்தது போல மிதி மெத்தென்று இறங்கியது. விடாமல் மூன்று நான்கு முறை மிதித்தால் கொஞ்சம் இறுகியது.

பக்கத்து வீட்டுக்காரர் அரசாங்க டிரைவர். தீவிலேயே பிறந்தவர். அவர் தமிழில் பாதி ஹிந்தியாக இருக்கும். என் கணவரை பாய், அண்ணன், என்றும் என்னை பாபி, அண்ணி, என்றும்தான் கூப்பிடுவார். வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அரே பாய், இது பிரேக்கா, தலகாணியா? ஆயில் கொறஞ்சத பாக்காம ஓட்டிருக்கீங்க. பைப்புல காத்து பூந்துருச்சு. காத்த எடுத்தா டீக் ஆயிடும்.”

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிள் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். மகளை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.

“மிதி.”

“மிதிச்சுட்டேங்க.”

“பிடி. விட்றாத, விட்றாத… ம், இப்ப விடு.”

மகள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். அவள் அழுத நேரத்தில் கால் தளர்ந்ததா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகம். “சரியா பிடிச்சேனாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் மறுபடியும் “மிதி” என்றார்.

நிப்பிளில் மாட்டிய ரப்பர் குழாய் ஒரு மருந்து பாட்டிலுக்குள் போனது. கறுப்பு ஆயிலோடு குமிழி குமிழியாகக் காற்று வந்தது. வெளியேறும் அளவுக்கு மேலே புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது சக்கரத்துக்கு வந்தபோது ஆயில் டப்பா காலி. கடைகளில் இல்லை. அடுத்த கப்பல் எப்போது என்றும் தெரியாது. கப்பலில் வந்த பொருள் எதையும் அங்கே யாரும் கீழே கொட்டுவதில்லை. ஆணியைக்கூட நிமிர்த்தி வைப்பார்கள். “பாட்டில்ல உள்ளத வடிகட்டி ஊத்து, போதும்,” என்றார் கணவர்.

மகளுக்குக் கட்டும் மல்துணி ஒன்றை எடுத்தேன். நான்கு நாளாக வெயில் இல்லை. துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காய்ந்தது. ஓரத்தில் காய்ந்திருந்தது. நடுவில் தொட்டால் சில்லென்றது. அது ஈரமா, குளிரா என்று எனக்குப் பிடிபடவில்லை. வேறு துணி எடுக்கலாமா என்று யோசித்தேன். அவர் வெளியில் நின்று கூப்பிட்டார். அதிலேயே வடிகட்டி ஊற்றிவிட்டேன்.

சாயங்காலம் மிதி கெட்டியாக இருந்தது. மறுநாள் மதியம் முதல் கியரிலேயே ஊர்ந்து வந்தார். மறுபடி பஞ்சு. மறுபடி நான் சீட்டில், அவர் சேற்றில். வந்ததை வடிகட்டினோம், ஊற்றினோம். அதற்கு மறுநாளும் அப்படியே. கெண்டைக்கால் வலித்தது. அடுப்பில் உலை கொதித்து வழிந்ததைக்கூட எழுந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். இப்போதெல்லாம் காலையில் மிதி கெட்டியாக இருந்தது. இறக்கங்களில் போய்விட்டு வந்தால்தான் மெத்தென்றானது. ஆறின பிறகு தானாகவே சரியானது. காற்று என்றால் காலையிலும் மெத்தென்றுதானே இருக்க வேண்டும்? அவரிடம் கேட்கத் தயங்கி, வேலியோரம் போய் டிரைவரிடம் கேட்டேன்.

“பானி, பாபி. ஆயில்ல தண்ணி கலந்துருக்கு. பிரேக் டிரம் சூடானா தண்ணி ஆவியாகும். ஆவிய மிதிச்சா வண்டி நிக்குமா? டப்பாவ மழைல தொறந்து வச்சீங்களா?”

“இல்லண்ணே,” என்றேன். அவர் கேட்டதற்கு அது உண்மையான பதில்தான். வீட்டுக்குள் வந்து அந்தத் துணியைத் தேடினேன். அது, துவைத்த பிறகும் போகாத கறையோடு, மகள் இடுப்பில் இருந்தது.

மறுநாள் காலை வண்டியில் மூட்டைகள் ஏறியிருந்தன. பிரேக் ரப்பர்தான் போயிருக்கும், கப்பலில் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்று கணவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அதுவரைக்கும் எப்படிங்க?”

“பம்ப் பண்ணிப் பண்ணி எறக்கிரலாம்.”

ஜெட்டிக்கு இறங்கும் சாலையின் முடிவில் தண்ணீர். சொன்னால் என்ன நினைப்பாரோ என்று ராத்திரி முழுக்கப் பயந்தவள், அவர் சாவியைப் போடும்போது கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“பாப்பா துணியில வடிகட்டுனேங்க. அது ஈரமா இருந்திருக்கும்.”

“இருந்திருக்குமா, இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டிரைவர் சிரித்தார். “பாய், பாபி பிரேக்கையும் தொவச்சுப் போட்டுட்டாங்க!”

இவர் சிரிக்கவில்லை. சாவியை எடுத்து என் கையில் வைத்தார். “நான்தான ஊத்தச் சொன்னேன்,” என்றார். பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். திட்டியிருந்தால் அழுதாவது முடித்திருப்பேன்.

படகேறி எதிர்க்கரை பாம்பூஃப்ளாட் வரை போய்க் கேட்டுப் பார்த்தார். அங்கேயும் ஆயில் இல்லை. கப்பல் வரும்வரை வண்டி வாசலில் நனைந்துகொண்டு நின்றது. அவர் பிறர் வண்டிகளில் மூட்டை தூக்கப் போனார். தோளில் தடிப்பு தடிப்பாக வந்தது.

கப்பலில் மூடி உடைக்காத டப்பா வந்தது. பழைய ஆயிலை முழுக்க மண்ணில் வடியவிட்டார். புதிதை ஊற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து நான்கிலும் காற்று எடுத்தோம். பாதியில் மகள் மடியிலேயே தூங்கிவிட்டாள். அன்றும் அடுத்த நாளும் வெறும் வண்டியை இறக்கத்தில் ஓட்டி, சூடேற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். என்னை மிதிக்கச் சொன்னார்.

கல் மாதிரி நின்றது.

“போதும், எறங்கு. லோடு ஏத்தணும்.”

இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தேன். நின்றது. அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் மறுபடியும் மிதித்தேன்.