குளிர் அறைக்குச் சம்மதிக்காதவள்

கடற்படை வழக்கறிஞர் வெர்னா ஸ்டாடர்டை தீவிரவாத வழக்குக் கைதிகளை அடைத்திருந்த சிறை முகாமுக்கு மாற்றியபோது அவளுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை நார்ஃபோக் கடற்படைத் தளத்தில் மாலுமிகளின் விவாகரத்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு என்றே காலம் தள்ளியவள். இங்கே, கைதிகளை எப்படி விசாரிக்கலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்வது அவள் பொறுப்பு.

முகாம் தலைவர் கர்னல் தாக்ஸ்டன் காலைக் கூட்டத்தில் புதிய முறைகளைச் சொன்னார். தூங்கவிடக் கூடாது, குளிர் அறையில் உட்காரவைக்க வேண்டும், நாயைக் காட்டி மிரட்ட வேண்டும்.

"மேலிடத்துல சரின்னுட்டாங்க வெர்னா. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா ஆரம்பிச்சிடலாம்."

"முதல்ல அறையைப் பாக்கணும் சார்."

போய்ப் பார்த்தால் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள். மெல்லிய சட்டையோடு ஒருவன் நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தான். பெண் ஒருத்தி வந்ததைக் கண்டதும், விலங்கிட்ட கையால் திறந்துகிடந்த சட்டையை இழுத்து மூடப் பார்த்தான். எட்டவில்லை. வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாயைத் திறந்தானா?" என்று விசாரணைக்காரன் டிலோச்சைக் கேட்டாள்.

"பேசுறான் மேடம். நேத்து சொன்னதை இன்னிக்கு இல்லைங்கிறான்."

"இந்த நிலைமையில நீ எதைக் கேட்டாலும் ஆமான்னுதாம்ப்பா சொல்லுவான்."

கர்னலிடம் திரும்பி வந்து, "இது சித்திரவதை சார். சட்டத்துல இதுக்கு இடமே இல்லை" என்றாள்.

அவர் மேஜையைத் தட்டினார். "இவனோட ஆளுங்க தாக்கி நம்ம கட்டடம் எரிஞ்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"செத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டிச் சேதி சொல்லிட்டிருந்தேன் சார்."

அவள் தலைமையகத்துக்குப் போன் மேல் போன் போட்டாள். மற்றப் படைகளின் வழக்கறிஞர்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள் போலும். கடைசியில் தலைமையகத்து உத்தரவு வந்து குளிர் அறையைப் பூட்டினார்கள்.

சில மாதங்களில் அவளை மாற்றினார்கள். பதவி உயர்வு வரவில்லை. அவள் இடத்துக்கு வந்தவர் தலையாட்டினார். அறை மறுபடி திறந்தது. அங்கே வாங்கிய வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் கைதியோ தண்டனையும் இல்லை விடுதலையும் இல்லை என்று பல வருஷம் கிடந்தான்.

பின்னாளில், முகாமில் நடந்ததை ஆராய்ந்த விசாரணைக் குழு ஒன்று வெர்னாவைக் கூப்பிட்டது. தைரியம் எங்கிருந்து வந்தது என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"தைரியமெல்லாம் இல்லைங்க. வேணாம்னு சொல்லிச் சொல்லியே அலுத்துப்போச்சு."

வெளியே கணவன் கர்ட்டிஸ் காரில் காத்திருந்தான். "நம்புனாங்களா?"

"கேட்டுக்கிட்டாங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.